கழற்றி எறியப்படும் காவலன்

வெயில் ஊருக்குத் தேவையில்லை என்று டீசல் கார்களிலிருந்து அகற்றப்படும் தெர்மோஸ்டாட்டை, வீட்டு வாசலிலேயே புதிதாக மாட்டிவிடலாம்.

மிளகும் சுக்கும் ஏற்றிய லாரிகள், தள்ளுவண்டிகள், சுற்றுலாப் பயணிகளைச் சுமந்த ஆட்டோக்கள். கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் சாலையில் கார்கள் ஓடுவதில்லை, ஊர்கின்றன. ஊர்ந்தால் இன்ஜின் சூடாகும் என்பது டிரைவர்களின் நிரந்தர பயம். அதற்கு நம் நாட்டு ஒர்க்‌ஷாப்கள் பல காலமாகச் சொல்லிவரும் மருந்து: தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறி. குளிர் நாட்டுக்காரனுக்கு அது வேண்டும். நம் வெயிலுக்கு எதற்கு?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குதான் உதைக்கிறது. கொச்சியின் கோடை வெயில் 35 டிகிரி செல்சியஸைச் சுற்றித்தான் நிற்கும். டீசல் இன்ஜினுக்குள் ஓடும் தண்ணீரோ 80 முதல் 90 டிகிரி வரை இருக்க வேண்டும். இன்ஜினைப் பொறுத்தவரை மட்டாஞ்சேரியின் மே மாதமும் குளிர்காலமே.

வால்வின் வேலை எளியது. உள்ளே சிறு குப்பியில் மெழுகு. இன்ஜின் ஆறியிருக்கும்போது வால்வு மூடியிருக்கும். தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூடேறியதும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்க, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும். 1930களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய இந்த மெழுகு நுட்பம் இன்றும் பெரும்பாலான கார்களில் இருக்கிறது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் எரிய வேண்டும். சூடு போதாவிட்டால் அரைகுறையாக எரியும். விளைவு: புகை, குறையும் மைலேஜ், ஆயிலில் கலக்கும் டீசல், சீக்கிரம் தேயும் இன்ஜின். 2020 ஏப்ரலில் அமலான பி.எஸ். 6 விதிப்படி வந்த டீசல் கார்களில், கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் புகை வடிகட்டியும் அடைத்துக்கொள்ளக்கூடும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சில இன்ஜின்களில், திறக்கும் வால்வு ரேடியேட்டரைத் தவிர்க்கும் குறுக்கு வழியை அடைக்கும். வால்வே இல்லாவிட்டால் கொதிநீரில் ஒரு பகுதி ஆறாமலே திரும்பும். சூட்டுக்குப் பயந்து கழற்றியவரின் கார்தான் நெரிசலில் முதலில் கொதிக்கும்.

கோளாறைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. எவ்வளவு ஓட்டினாலும் சூடு காட்டும் முள் கீழேயே கிடந்தால், வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், அல்லது யாரோ முன்பே கழற்றியிருக்கலாம். முள் சிவப்பைத் தொட்டும் ரேடியேட்டர் சூடாகாவிட்டால், மூடியபடி சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம்; உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும்.

மாற்றும் வேலையை ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில் காலையில் தொடங்குவது நல்லது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். கூலன்டை ஒரு தட்டில் வடித்தெடுக்க வேண்டும். அம்பாசடர் போன்ற பழைய கார்களில், மேல் ஹோஸ் இன்ஜினில் சேரும் இடத்து மூடிக்குள் வால்வு இருக்கும். மூடியின் நட்டுகளைக் கழற்றி, பழைய பேக்கிங்கைச் சுரண்டித் துடைத்து, மெழுகுக் குப்பி இன்ஜின் பக்கம் இருக்கும்படி புது வால்வை வைக்க வேண்டும். காற்று வெளியேறும் சிறு துளை மேற்புறம் வரட்டும். புது பேக்கிங் போட்டு, நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். முரட்டுத்தனம் காட்டினால் அலுமினிய மூடி விரிசல் விடும். புதிய கார்கள் சிலவற்றில் வால்வு எட்டாத இடத்தில் இருக்கும். அவற்றை மெக்கானிக்கிடம் விடுவதே உத்தமம்.

மாட்டும் முன் ஒரு சோதனை. உபயோகமற்ற பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டால், அதில் பொறித்த டிகிரியை ஒட்டித் திறக்க வேண்டும்.

கடலோரக் கிணறுகளின் உப்பு நீர் ரேடியேட்டருக்கு எமன். கார் கம்பெனி சொல்லும் கூலன்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றி, காற்றை வெளியேற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஒழுகலைப் பார்க்க வேண்டும். ஆறியபின் அளவு குறைந்திருந்தால் நிரப்பலாம்.

வடித்த கூலன்ட் இனிப்பான விஷம். குழந்தையோ பூனையோ நக்கினால் ஆபத்து. மட்டாஞ்சேரியில் சாக்கடையில் விட்டால் கால்வாய் வழியே காயலுக்குத்தான் போகும். கேனில் அடைத்து, வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கலாம். பழைய கார்களுக்குச் சில நூறு ரூபாய், ஒரு காலை நேரம். ஹெட் வளைந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.