திரையில் ஒரு தேவாலயம்

பழைய கட்டடங்கள் வரலாற்றின் சான்றுகள். ஆயினும், மாணவர் அனைவரையும் அவை இருக்கும் இடங்களுக்கே அழைத்துச் செல்வது இயலுவதன்று. இக்குறையை ஓரளவு நீக்க வந்ததே மெய்நிகர் உலா. கட்டடத்தின் உள்ளும் புறமும் பல இடங்களில் நின்று எடுத்த படங்களைக் கணிப்பொறி ஒன்றாக இணைத்துத் தருகிறது. மாணவன் வகுப்பறையில் அமர்ந்தவாறே வேண்டிய திசையில் திரும்பிப் பார்க்கலாம். இதனைக் கொண்டு பழைய தேவாலயங்களைப் பற்றி எவ்வாறு கற்பிக்கலாம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

பாரிஸ் நகரின் நோத்ர தாம் பேராலயம் 1163-ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கியது. அதன் நடுக்கூடத்தின் கல் விதானம் ஏறத்தாழ 33 மீட்டர் உயரத்தில் உள்ளது. அத்துணைப் பளுவைத் தாங்கும் சுவர்களில் அகன்ற வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை எவ்வாறு வைத்தார்கள்? இவ்வினாவை எழுப்பிய பின்னரே உலாவைத் தொடங்க வேண்டும். உள்ளே நின்று மேலே நோக்கினால், விதானத்தின் பளு கல் வளைவுகளின் வழியே தூண்களில் இறங்குவது புலப்படும். அப்பளு சுவரை வெளிப்புறமாகவும் தள்ளும். வெளியே வந்து பார்த்தால், வில்போல் வளைந்த கல் முட்டுகள் அந்த உந்துதலை ஏற்று நிற்பது தெரியும். விடையை மாணவன் தானே கண்டுகொள்வான்.

அடுத்த வினா, படம் எப்போது எடுக்கப்பட்டது என்பது. 2019 ஏப்ரல் 15 அன்று மூண்ட தீயில் ஆலயத்தின் மரக்கூரையும், 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கூர்ங்கோபுரமும் அழிந்தன. ஆண்ட்ரூ டாலன் என்னும் கலை வரலாற்றறிஞர் 2010-இல் லேசர் ஒளியின் துணையால் ஆலயத்தை நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளாக அளந்து வைத்திருந்தார். 2018-இல் அவர் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற அளவைகள் சீரமைப்புக்குத் துணைபுரிந்தன. ஆலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று காணும் கூர்ங்கோபுரம் பழைய வடிவிலேயே எழுப்பிய புதியது. தீக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிடும் மாணவன், படத்தையும் காலம் அறிந்தே சான்றாகக் கொள்ள வேண்டும் என்பதை உணர்வான்.

திரை எல்லாவற்றையும் தந்துவிடாது. பேருயரமும் அதில் சிறுத்தே தோன்றும். பள்ளித் திடலில் 33 மீட்டர் கயிற்றை நீட்டிக் காட்டினால் அந்த அளவு மனத்தில் பதியும். அது மக்கள் கூடி வழிபடும் இடம் என்பதையும் ஆசிரியர் நினைவூட்ட வேண்டும். பின்னர், அருகிலுள்ள பழைய தேவாலயம் ஒன்றிற்கு மாணவரை நேரில் அழைத்துச் செல்வோம். எதைக் கேட்பது, எங்கே பார்ப்பது என்று அறிந்த கண்களோடு அவர்கள் அதனுள் நுழைவார்கள்.