தடித்த எழுத்தில் இரண்டு எண்கள்

ரத்தப் பரிசோதனைத் தாளில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் தடித்த எழுத்தில் வந்துவிட்டால், ‘ஈரல் கெட்டுப்போச்சு’ என்று வீடே கலங்கிவிடுகிறது. உண்மையில் இவை ஈரலின் வேலைத்திறனை அளப்பவை அல்ல. செல்கள் சேதமானால் ரத்தத்தில் கசியும் நொதிகள். அதிலும் எஸ்ஜிஓடி தசையிலும் உண்டு. மாமல்லபுரம் சிற்பக்கூடத்தில் புதிதாகச் சுத்தியல் பிடித்தவருக்கு, பழகாத உழைப்பின் மறுநாள் அது ஏறியிருக்கலாம். தசை நொதியான சிபிகேயையும் பார்த்தால், எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும். எஸ்ஜிபிடியைவிட எஸ்ஜிஓடி இரு மடங்குக்கு மேல் என்றால் மதுவைச் சந்தேகிக்கலாம்.

எண் இறங்கினால் நல்லதுதானே என்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) முற்றிய ஈரலில் கசிவதற்குச் செல்களே குறைவு. நொதிகள் சாதாரணமாகவே இருக்கக்கூடும். அங்கே பேச வேண்டியவை காமாலையில் ஏறும் பிலிருபின், ஆல்புமின், நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து அது உறையும் நேரத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர். ஈரல் தயாரிக்கும் புரதமான ஆல்புமின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 20 நாள் பிடிக்கும். அதே ஈரல் தயாரிக்கும், ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் சில, மணிக்கணக்கில் குறைந்துவிடும். திடீர்ப் பாதிப்பில் ஐஎன்ஆர் முந்திக்கொள்வது அதனால்தான். அப்படியானால் நொதிகளைப் பார்க்கவே வேண்டாமா? வேண்டும், அறிகுறி தெரியுமுன்பே அழற்சியைக் காட்டிக்கொடுப்பவை அவைதான். ஆனால் வழக்கமான எல்எஃப்டி (ஈரல் பரிசோதனை) தொகுப்பில் பெரும்பாலும் ஐஎன்ஆர் இருக்காது. காமாலையோடு செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள், அதையும் எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.