வேலிக்குப் பூச்செடி: வேகம் மட்டும் போதுமா?

மைசூரில் முப்பதுக்கு நாற்பது அடி மனையில் வீடு கட்டிக் குடியேறிய நம்மவர்கள் பலருக்கு ஒரு குறை உண்டு. தெருவில் போகிறவர் பார்வை நேரே நடுக்கூடம் வரை வந்துவிடுகிறது. மதிலை உயர்த்தலாம் என்றால் செங்கல், சிமென்ட், கூலி என்று செலவு கையைக் கடிக்கிறது, காற்றும் அடைபடுகிறது. "சீக்கிரம் வளரும் பூச்செடியாக நாலு வையுங்கள்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். யோசனை நல்லதுதான். ஆனால் வேகம் ஒன்றையே பார்த்துச் செடி எடுத்தால் பின்னால் வருந்த நேரும்.

மைசூரிலிருந்து ஊட்டிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள், பந்திப்பூர் காட்டில் பல நிறச் சிறு பூக்களோடு புதராக மண்டிக் கிடக்கும் செடியைக் கண்டிருப்பார்கள். அதுதான் உண்ணிச்செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு அழகுச் செடியாக வந்தது, வேலிக்கும் வைத்தார்கள். பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பின. இன்று அது மண்டிய இடத்தில் புல் குறைந்து, மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் இல்லாமற் போகிறது. இலையைத் தின்னும் மாடும் நோயுறும்.

அரளியும் விரைவாக வளரும். தண்ணீர் அதிகம் கேட்காது. ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். பொன்னரளியின் கொட்டை உயிரையே போக்கிவிடும். குழந்தைகள் விளையாடும் வீட்டிலும், தெரு மாடு தலை நீட்டும் மதிலோரத்திலும் இவை வேண்டாம்.

பின் எதை வைப்பது? வெயில் படும் இடத்துக்குச் செம்பருத்தி முதலாவது. கன்னடத்தில் 'தாசவாள' என்று கேட்டால் நர்சரியில் கொடுப்பார்கள். அரை நிழலுக்கு நந்தியாவட்டை. இங்கே 'நந்திபட்டலு' என்பார்கள். ஆண்டு முழுவதும் இலை உதிராமல் பச்சென்று நிற்கும். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள பேட்டைகளுக்கு மருதாணி ஏற்றது. ஆடு நுழையாமல் தடுக்கக் காகிதப்பூ உதவும். முள் இருப்பதால் நடைபாதையை ஒட்டி வைக்கவேண்டாம்.

செம்பருத்திக்கும் மருதாணிக்கும் காசு கொடுக்கவே தேவையில்லை. தெரிந்தவர் வீட்டில் பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியாக ஒடித்து வந்து, ஜூன் மழையில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். மதிலிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி, செடிக்குச் செடி இரண்டரை அடி விட்டு, மக்கிய சாணி எரு போட்டு நடவேண்டும். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பெரும்பாலோர் தவறுவது இதற்குப் பிறகுதான். செடி உயரட்டும் என்று வெட்டாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டு வருஷத்தில் மேலே குடைபோல் கவிந்து, கீழே வெறுங்குச்சியாகிவிடும்; மறைப்பு வேண்டிய இடத்தில் மறைப்பு இராது. ஆகவே செடி ஓரடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளவேண்டும். பக்கக் கிளைகள் வந்த பின் அவற்றையும் கிள்ளவேண்டும். அடிப்பாகம் அகலமாகவும் மேற்பாகம் குறுகலாகவும் கத்தரித்தால், கீழ் இலைக்கும் வெயில் எட்டும்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி கண்டால், அந்தக் கிளையை வெட்டி எறிந்துவிட்டு, வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம்.

இந்த முறையில் வளர்த்தால் இரண்டு மழைக்காலத்தில் ஆள் உயரப் பச்சை மதில் எழும்பிவிடும். தினமும் பூஜைக்குப் பூ வாங்கும் காசும் மிச்சம்.