11 வருடம் பேசாத கூட்டாளிகள்: "கர்ணன்" படம் பேச வைத்தது!

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். அங்கே இரண்டு கூட்டாளிகள்.

ஒருவர் என் தாத்தா. இன்னொருவர் அடுத்த தெருப் பெரியவர். ஒரே படகு, ஒரே வலை என்று இருந்தவர்கள். 2001-ல் முறைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு 11 வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காரணம்? பாடு!

பாடு என்றால் என்ன?

பழவேற்காடு ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் "பாடு" முறை உண்டு. எந்த நாளில் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். முகத்துவாரத்துப் பக்கம் கிடைத்தால் இறால் நன்றாக விழும். முறை தவறினால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

"என் முறையில அவன் வலையை இறக்கிட்டான்." இது தாத்தாவின் கட்சி.

"மாத்திக்கலாம்னு சொன்னதே அவன்தானே!" இது பெரியவரின் கட்சி.

ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. அபராதம் போட்டது. பகை மட்டும் தீரவில்லை.

வந்தார் கர்ணன்

2012 மார்ச் 16. பி. ஆர். பந்துலு தயாரித்து இயக்கிய "கர்ணன்" மறுபடியும் தியேட்டருக்கு வந்தது. சிவாஜி கர்ணன். என். டி. ராமராவ் கண்ணன். 1964 பொங்கலுக்கு வந்த படம் அது. பழுதான பிரிண்டையும் ஒலியையும் சீராக்கி, டிஜிட்டலில் கொண்டு வந்தார்கள். பழைய படத்துக்கு எவன் வருவான் என்று கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். சென்னை சத்யம் தியேட்டரில் 100 நாளைத் தாண்டி ஓடியது!

அப்போது நான் 9-ம் வகுப்பு. பெரியவரின் பேரன் என் வகுப்புத் தோழன். இரண்டு பேரும் ரகசியமாக ஒரு திட்டம் போட்டோம். அவரவர் தாத்தாவிடம் "கர்ணன் பார்க்கப் போலாமா?" என்று கேட்டோம். அடுத்தவர் வருவதை மட்டும் மூச்சு விடவில்லை.

பஸ்சில் ஏறியதும் குட்டு உடைந்தது. என் தாத்தா முன் சீட்டில். பெரியவர் கடைசி சீட்டில். பொன்னேரியில் ரெயில் ஏறினோம். அங்கேயும் ஆளுக்கொரு ஜன்னல்!

நாலணா படம், 120 ரூபாய் படம்

டிக்கெட் 120 ரூபாய். "நாலணாவுக்கு மணல்ல உட்கார்ந்து பார்த்த படம்டா இது" என்றார் தாத்தா. அந்தக் காலத்து டூரிங் டாக்கீசில் ரீல் மாற்ற மாற்ற விளக்கைப் போடுவார்களாம். அன்று மணலைக் குவித்துப் பக்கத்தில் உட்கார்ந்தது யார் என்று கேட்டேன். பதில் இல்லை.

தியேட்டரில் பேரன்கள் நடுவில். தாத்தாக்கள் இரண்டு ஓரத்தில். ஏ.சி. குளிருக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டார்கள்.

போர்க்களம் வந்தது. திரை முழுக்கக் குதிரைகள், தேர்கள்!

"டூரிங் டாக்கீசுல வெறும் குதிரைதான் தெரிஞ்சுது. இங்க குளம்புத் தூசி கூடத் தெரியுதே!" தாத்தா வாய்விட்டுச் சொன்னார். அந்த ஓரத்தில் இருந்து "ஆமா" என்று ஒரு குரல். உடனே அடங்கிவிட்டது.

கடைசிக் காட்சி. அம்பு தைத்துக் கிடக்கிறான் கர்ணன். சீர்காழி கோவிந்தராஜனின் குரல் எழுகிறது. கண்ணன் வந்து, செய்த தர்மத்தையே தானம் கேட்கிறான். கெட்டவன் என்று தெரிந்தும் துரியோதனனைக் கைவிடாதவன், கொடுக்கிறான்.

விசில் அடித்த கூட்டம் கப்சிப்!

திரும்பிப் பார்த்தேன். தாத்தா கண்ணைத் துடைத்தார். பிறகு அதே துண்டை எங்கள் இருவருக்கும் குறுக்கே நீட்டினார்.

"இந்தா, தொடைச்சிக்கோ."

11 வருடம் கழித்து வந்த முதல் பேச்சு அது. பெரியவர் வாங்கிக்கொண்டார்.

விடிய விடிய வழக்கு

பொன்னேரி வந்து சேர்ந்தபோது கடைசி பஸ் போய்விட்டது. ஸ்டேஷன் பெஞ்சில் படுத்தோம். கிழவர்கள் தூங்கவில்லை.

"அன்னிக்கு முறை என்னுது."

"நீதாண்டா மாத்திக்கச் சொன்னே!"

மறுபடியும் அதே சண்டை. ஆனால் இந்தத் தடவை நடுநடுவே சிரிப்பு. யார் சொன்னது நிஜம் என்று கடைசி வரை முடிவாகவில்லை. காலையில் முதல் பஸ்சில் இருவரும் ஒரே சீட்டில் ஏறினார்கள்.

அதன் பிறகு பழைய படங்கள் வரிசையாக வந்தன. 2014-ல் பந்துலு இயக்கிய, எம்.ஜி.ஆரின் "ஆயிரத்தில் ஒருவன்" வந்தது. 2024-ல் விஜய்யின் "கில்லி"க்குக் கூட்டம் அலைமோதியது. மணல் தரை டூரிங் டாக்கீஸ் மட்டும் திரும்பி வரவில்லை.

தாத்தா 2019-ல் காலமானார். காரியத்தன்று பெரியவருக்குப் பாடு முறை. நல்ல இறால் சீசன். அவர் வலை இறக்கவில்லை. காலையில் இருந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"முறை போகுதே தாத்தா?" என்று கேட்டேன்.

"போகட்டும்டா. முறை திரும்ப வரும்" என்றார்.