முதுமையில் மொழி குன்றுதல்

தெரிந்த பெயரொன்று நாவில் வராமல் முதியோர் திகைப்பதுண்டு. சிறிது நேரத்தில் அது தானே நினைவுக்கு வருமாயின் கவலைக்கு இடமில்லை. ஆனால், மாதத்துக்கு மாதம் இத்தடை வளருமாயின், அதனை முதுமையின் இயல்பென்று ஒதுக்குதல் தவறாகும். அதற்குரிய காரணங்கள் பல. அவற்றுட் சில தீர்க்கக்கூடியவை.

பேச்சுக்கும் மூளையின் ஒரு பகுதிக்கும் உள்ள தொடர்பை 1861-ஆம் ஆண்டில் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா எடுத்துக்காட்டினார். ‘டான்’ என்னும் ஓரசையன்றிப் பிறிதொன்றும் பேச இயலாதிருந்த நோயாளி இறந்தபின், அவருடைய மூளையின் இடப்பாதியில் முன்பகுதி சிதைந்திருந்ததை அவர் கண்டார். இடப்பாதியின் பொட்டுப் பகுதியில் பின்புறம் பழுதுற்றால், பேச்சு தடையின்றி ஓடினும் பொருள் கெடும் என்பதை 1874-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விளக்கினார்.

பேச்சு திடீரெனக் குழறுமாயின் அது பக்கவாதமாக இருக்கலாம். நோயாளியை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மெல்ல மெல்லக் குன்றுமாயின், குறை ஒலிப்பிலா, மொழியிலா என்று முதலில் ஆராய வேண்டும். பார்க்கின்சன் நோயில் குரல் தணியும். இயக்க நரம்பணு நோயில் நாவின் தசைகள் மெலிந்து உச்சரிப்புக் குழறும். இத்தகையோருட் பலர் வாயாற் சொல்ல இயலாததை எழுதிக் காட்டுவர். மொழியே குன்றியவர்க்கோ எழுத்திலும் சொல் தடைப்படும்.

நினைவும் அறிவும் பெரும்பாலும் நிலைத்திருக்க, மொழி மட்டும் ஆண்டுக்கணக்கில் தேய்ந்துவந்த ஆறு நோயாளிகளைப் பற்றி 1982-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மெசுலம் எழுதினார். இந்நோய் இன்று மூவகையாகப் பிரிக்கப்படுகிறது. முதல் வகையில் வாக்கியம் உடைந்து, சொற்கள் முயற்சியுடன் வெளிவரும். இரண்டாம் வகையில் சொல்லின் பொருளே மறையும், சுத்தியலைப் பற்றிக் கேட்டால், “சுத்தியல் என்றால் என்ன?” என்று நோயாளி வினவுவார். மூன்றாம் வகையில் சொல்லைத் தேடி அடிக்கடி பேச்சு நின்றுவிடும். இவ்வகைக்குப் பெரும்பாலும் அல்சைமர் நோயே அடிப்படை.

இந்நோய்களை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும், அவையென்று முடிவு செய்யுமுன் பிற காரணங்களை விலக்க வேண்டும். தைராய்டுச் சுரப்பின் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, தலையில் அடிபட்டபின் மூளையின்மேல் மெல்லத் தேங்கும் குருதி, மூளைக்கட்டி, சில மருந்துகளின் விளைவு ஆகியவையும் பேச்சைத் தளர்த்தும். செவித்திறன் குறைந்தவரும் கேள்வி விளங்காமல் மாறி விடையளிப்பர். குருதிச் சோதனை, செவிச் சோதனை, மூளைப் படம் ஆகியவற்றால் இவற்றைக் கண்டறியலாம்.

தேய்வு நோயே ஆயினும், பேச்சுப் பயிற்சியும் படஅட்டைகளும் பயன்தரும். வீட்டார் சிறு வாக்கியங்களில் நிதானமாகப் பேசி, விடைக்குப் பொறுமையுடன் காத்திருத்தல் வேண்டும். சொல் தடைப்பட்டவர் அறிவிழந்தவர் அல்லர்.