காதுக்கு எட்டாத பிடிஎஃப்

தமிழ் இலக்கிய வகுப்புக்கு ஒரு பழைய நாவல் வேண்டும். மறுபதிப்பு வரவில்லை, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் கிடைக்கவில்லை. விரிவுரையாளர் தன் அலமாரிப் பிரதியை ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி, பாடத்தளத்தில் ஏற்றிவிடுவார். மாணவர்களில் ஒருவர் கண் தெரியாதவர் என்றால், திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படிக்கும் அவருடைய திரைவாசிப்பி அந்தக் கோப்பைத் திறந்துவிட்டு வாய் மூடிக்கொள்ளும். ஸ்கேன் செய்த பக்கம் கணினிக்கு வெறும் புகைப்படம்.

தமிழுக்கென்றே இன்னொரு வில்லங்கமும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த குறிப்புகள் கண்ணுக்குத் தமிழ். கோப்புக்குள்ளே கிடப்பவையோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும். ‘அம்மா’ என்பதை ‘எம், கே, செமிகோலன், கே, எச்’ என்றுதான் கருவி படிக்கும். மென்பொருளுக்கு ஒரு குறியீடு என்றிருந்த காலத்தின் மிச்சம் இது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்ற தமிழ்நெட் மாநாடு 1997 மே மாதம் கூடியது சிங்கப்பூரில்தான்; முன்னின்றவர் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி. பிறகு யூனிகோடு பரவி, சிக்கல் ஒழிந்தது என்று எல்லோரும் மறந்துவிட்டோம். பழைய கோப்பையே ஆண்டுதோறும் ஏற்றுகிறவர் வகுப்பில் அது ஒழியவில்லை.

உங்கள் கோப்பு எந்த ரகம்? ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, மின்னஞ்சலில் ஒட்டிப் பாருங்கள். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லையா, அது படம். ஒட்டியதும் ஆங்கிலக் கிறுக்கல் வந்தால், பழைய எழுத்துரு. கிறுக்கலை யூனிகோடாக மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. படத்தை கூகல் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும். ஆனால் அப்படியே நம்பிவிடக் கூடாது. துணைக்காலை ‘ர’ என்று எடுத்துக்கொள்ளும், புள்ளிகளை விழுங்கும். தமிழ் தெரிந்த ஒருவர் மெய்ப்புப் பார்த்தே ஆகவேண்டும். பிறகு வேர்டில் அத்தியாயப் பெயர்களுக்குத் தலைப்புப் பாணி கொடுங்கள். எழுத்தைத் தடிமனாக்கினால் மட்டும் திரைவாசிப்பிக்கு அது தலைப்பு என்று தெரியாது, அங்கே தாவிச் செல்லவும் முடியாது.

பதிப்புரிமை தடுக்குமே என்பார்கள். தடுக்காது. வாசிப்புத் தடை உள்ளவர்களுக்கான மராகேஷ் உடன்படிக்கையில் சிங்கப்பூர் 2015இல் சேர்ந்தது. கண் தெரியாதவர், புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் புரட்ட முடியாதவர், டிஸ்லெக்சியா உள்ளவர் என மூவரும் அதன் வரம்புக்குள் வருகிறார்கள். நமக்கு அதைவிடப் பெரிய லாபம் வேறு. இந்த உடன்படிக்கையை உலகிலேயே முதலில், 2014இல், ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. நாம் படிக்கும் தமிழ் நூல்களில் பெரும்பகுதி சென்னையில் அச்சாகிறது. அங்கே ஒருமுறை தயாரான பிரெயில் அல்லது மின்பதிப்பை அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகள் வழியாக இங்கே வரவழைக்கலாம். 2016இல் இந்தியாவில் தொடங்கிய ‘சுகம்ய புஸ்தகாலய’ என்ற இணைய நூலகத்தில் பல இந்திய மொழி நூல்கள் இருக்கின்றன. ஸ்கேன் செய்ய உட்காரும் முன் அங்கே தேடிவிடுவது புத்திசாலித்தனம்.

காது கேளாத மாணவருக்குச் சிக்கல் காணொளியில். தானியங்கி வசனவரிகள் ஆங்கிலம் கலந்த நம் தமிழ்ப் பேச்சில் தடுமாறும். விரிவுரைக் குறிப்பு எழுத்தில் இருந்தால், அதை வைத்தே வரிகளைத் திருத்திவிடலாம்.

பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் சிறப்புத் தேவை ஆதரவு அலுவலகங்கள் 2014இல் வந்தன. பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய பிரிவுகள் உண்டு. கருவி வாங்க நிதியும் இருக்கிறது. எவ்வளவு நல்ல கருவியானாலும் படத்தைக் கொடுத்தால் படிக்காது. அதனால் முதல் வேலை விரிவுரையாளருடையது என்பேன். மாணவர் வந்து கேட்கும்வரை காத்திருப்பதுதான் இதில் பெரிய தவறு. ஒரு நாவலை மாற்றி மெய்ப்புப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும்; அதற்குள் வகுப்பு அடுத்த நூலுக்குப் போயிருக்கும். வாசிப்புப் பட்டியல் முடிவானதுமே, பருவம் தொடங்கும் முன், ஆதரவுப் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள்.