பக்கவாதமும் மருத்துவமும்

மனிதனுடைய மூளை அவன் உடலின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே ஆகும். ஆயினும், உடல் செலவிடும் பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. இப்பிராணவாயுவை இடையறாது கொண்டு சேர்ப்பது இரத்தம். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் ஒன்று அடைபடின், அதனை நம்பியிருந்த பகுதி சில நிமிடங்களிலேயே அழியத் தொடங்கும். வாய் கோணும், கை தளர்ந்து விழும், நா குழறும். இதனையே பக்கவாதம் என்பர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 8 லட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாகின்றனர். அவர்களுள் நூற்றுக்கு 87 பேருக்கு இரத்தம் கட்டியாக உறைந்து குழாயை அடைப்பதே காரணம். எஞ்சியோருக்குக் குழாய் வெடித்து இரத்தம் கசிகிறது. புறத்தே காண்போருக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், ஒன்றிற்கு மருந்தாவது மற்றொன்றிற்கு நஞ்சாகும். எக்ஸ் கதிர்களைக் கொண்டு மண்டையோட்டின் உட்புறத்தைப் படமாக்கும் கருவியை ஹவுன்ஸ்பீல்டு என்னும் பொறியியலார் அமைத்தார். 1971ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவமனை ஒன்றில் அது முதன்முதலாக நோயாளிக்குப் பயன்பட்டது. அதன் பின்னரே இரு வகையையும் விரைந்து வேறுபடுத்தி அறிதல் எளிதாயிற்று.

உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்னும் பொருள் 1933ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. இதய நோயாளிகளைக் காத்த அம்மருந்து, பக்கவாத நோயாளிகளுக்குத் தீங்கே விளைவித்தது. பின்னர், உடல் தானே சுரக்கும் டி.பி.ஏ. என்னும் பொருளை அமெரிக்க மருத்துவர்கள் 624 நோயாளிகளிடம் ஆராய்ந்து, 1995ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நோய் தோன்றி 3 மணி நேரத்துக்குள் பாதிப்பேருக்கு அம்மருந்து செலுத்தப்பட்டது. ஆராய்ச்சியின் இரண்டாம் பகுதியில், மருந்து பெறாதோருள் நூற்றுக்கு 26 பேரும், பெற்றோருள் 39 பேரும் மூன்று மாதங்களில் ஏறக்குறைய முன்போலவே நடமாடினர். ஆயினும், மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 6 பேருக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு நிலைமை மோசமாயிற்று; மற்றவருள் அவ்வாறு நேர்ந்தது ஒருவருக்கும் குறைவே. இறந்தோர் தொகை முறையே நூற்றுக்கு 17, 21. இவ்வளவு சிறு வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடும். உயிரைக் காப்பதைக் காட்டிலும், பிழைத்தவரை ஊனத்தினின்று காப்பதே இம்மருந்தின் சிறப்பு. 1996இல் அரசாங்கம் இதற்கு ஒப்புதல் அளித்தது.

மருந்து கிடைத்தது, நேரம் கிடைக்கவில்லை. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், நிமிடந்தோறும் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று கணக்கிட்டுள்ளனர். 2008ஆம் ஆண்டில் வெளியான ஐரோப்பிய ஆராய்ச்சி ஒன்று, நான்கரை மணி நேரம் வரை மருந்து பயன்தரும் எனக் காட்டியது. எனினும், கை மரத்ததைக் களைப்பென்று எண்ணிப் படுத்துவிடுவோர் பலர். உறக்கத்திலேயே நோய்வாய்ப்பட்டவருக்கு அது தொடங்கிய நேரமே தெரியாது. ஆகவே, இம்மருந்தைப் பெறுவோர் சிறு பகுதியினரே.

அங்ஙனமாயின், அந்நாட்டில் பக்கவாத மரணங்கள் குறைந்தது எவ்வாறு? வயது வேறுபாட்டைச் சரிசெய்து கணக்கிட்டால், 1950இல் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 180 பேர் இந்நோயால் இறந்தனர். 1990இல் அத்தொகை 65 ஆகச் சுருங்கிவிட்டது. பக்கவாதத்துக்கு டி.பி.ஏ.வைப் பயன்படுத்த அப்போது ஒப்புதலே கிடைத்திருக்கவில்லை! இவ்வெற்றியின் பெரும்பங்கு இரத்தக் கொதிப்பைத் தணிக்கும் எளிய மாத்திரைகளுக்கே உரியது. 1972ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய இயக்கம் ஒன்று, நோயின் அறிகுறி ஏதும் இல்லாதவரும் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கும் வழக்கத்தைப் பரப்பிற்று. புகைபிடித்தல் குறைந்ததும் துணைநின்றது. 2010இல் லட்சத்துக்கு 39 பேர் என்னும் அளவுக்கு மரணம் தாழ்ந்தது.

அவ்வீழ்ச்சி தொடர்ந்து நீடிக்கவில்லை. 2013 முதல் 2015 வரை நான்கில் மூன்று மாநிலங்களில் அது தடைப்பட்டதாக அந்நாட்டு அரசாங்கத்தின் நோய்த்தடுப்பு நிலையம் 2017இல் அறிவித்தது. உடற்பருமனும் நீரிழிவும் பெருகியமையையும், இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் இருந்தமையையும் அது காரணங்களாகக் கூறிற்று. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கைப்பட்டையும் அழுத்தமானியும் கொண்டு தொடங்கிய அப்பணியே அங்கு மீண்டும் வேண்டப்படுகிறது.